கடிக்கு மருந்து

மெடிக்கல் ஷாப்பில் மத்தியானம் இரண்டரை மணி என்பது ஈ ஓட்டும் நேரம். முதலாளி சாப்பிடப் போயிருப்பார். பையன் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கண்ணயர்ந்திருப்பான். கவுண்டரில் நான் மட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த அக்கா வருவார். காலி மாத்திரை அட்டை ஒன்றை எழுத்து தெரியாதபடி குப்புறப் போட்டு என் பக்கம் தள்ளுவார். புளூகோனசோல் 150. ஒற்றை மாத்திரை அட்டை. நான் புதிதாக ஒன்றை எடுத்து, பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுக் கொடுப்பேன். சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போய்விடுவார். பேசியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பேசாததால் அவர் இலங்கைத் தமிழர் முகாம்காரர் என்பதே எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மாதம் ஒரு தடவை வருவார், சில மாதம் இரண்டு தடவை. பெண்ணுறுப்பில் அரிப்பு, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுதல், அதற்கான மாத்திரை அது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று டி.பார்ம் படித்த எனக்குத் தெரியும். கொடுத்தேன். எல்லாக் கடையிலும் கொடுக்கத்தானே செய்கிறார்கள் என்பது ஒரு பதிலா? இல்லைதான். ஆனால் என்னிடம் இருந்தது அந்தப் பதில்தான்.

மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் மூன்று: ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர். எது எங்கள் கடைக்குப் பக்கம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இரண்டரை மணி அக்கா யாரென்று அங்கே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்துக்குப் பத்து வீடுகள், நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் மொண்டு கொடுக்கலாம். 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. புது வீடுகளும் கட்டத் தொடங்கினார்கள். திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 2022-ல் 321 வீடுகள் திறந்தார்கள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, கழிப்பறையோடு. அந்தக் ‘கழிப்பறையோடு’ என்ற சொல்லை ஆண்கள் சும்மா வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அரிப்போடு பொதுக் கழிப்பறை வரிசையில் நின்ற பெண்ணுக்கு அந்தச் செய்தியே அந்த ஒரு சொல்தான்.

மைக்

கல்லூரியில் வேலை பார்க்கும் என் தோழி 2023-ல் ஒரு நாள் போன் பண்ணினாள். “என்.எஸ்.எஸ். பிள்ளைகள வச்சு முகாம்ல ஒரு கூட்டம் போடணும்டி. நீ அந்தப் பக்கம்தான இருக்க, ஒரு குறிப்பு எழுதித் தா.” எழுதினேன். முதல் வரி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: ‘முகாம் தாய்மார்களிடையே பாலியல் நலம் குறித்த விழிப்புணர்வு மிகக் குறைவாக உள்ளது.’ எதை வைத்து எழுதினேன்? அந்தக் கறுப்பு கவரை வைத்துத்தான். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்குப்படி செல்லூரில் என்னைப் பெற்ற அம்மாவுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. நான் வயதுக்கு வந்த அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “இனிமே பயலுகளோட நின்னு பேசாத.” நாலு பிள்ளை பெற்றவர்.

கூட்டம் முகாமின் சமுதாயக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. நாற்பது பெண்கள் வந்திருப்பார்கள். புரொஜக்டர் வெளிச்சத்தில் எடுபடவில்லை, அதை அணைத்துவிட்டு டாக்டரம்மா வாயாலேயே சொன்னார். நல்ல டாக்டர், ஒரு வார்த்தை அதட்டாமல் பேசினார். கருப்பைவாய்ப் புற்றுநோய், அதற்குக் காரணமான எச்.பி.வி. கிருமி, எச்.ஐ.வி. பரிசோதனை, வெள்ளைப்படுதலில் எது சாதாரணம் எது நோய், எல்லாம் முக்கால் மணி நேரத்தில். வாசலில் இரண்டு ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள், முகாமில் ஏதோ பொறுப்பில் இருக்கிறவர்கள். அவர்களைப் போகச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

“யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார். ஒரு சத்தம் இல்லை. நாற்பது பேரும் பாயைப் பார்த்தார்கள். மாணவி ஒருத்தி மைக்கை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள், நீட்டிய இடத்திலெல்லாம் தலைகள் பின்னால் சாய்ந்தன. கடைசி வரிசையில் ஒரு ஆச்சி, எழுபது வயது இருக்கும், கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

“சீனி வருத்தம் உள்ளவைக்குக் கடி கூடவோ?”

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். என்னைப் பார்த்தார், நான் தோழியைப் பார்த்தேன். “சுகர் இருக்கறவங்களைக் கொசு ஜாஸ்தியா கடிக்குமான்னு கேக்குறாங்க போல” என்று சிரித்தார். “அப்படியெல்லாம் இல்ல பாட்டி. ராத்திரி வலை கட்டிப் படுங்க.” மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆச்சி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் டீ, மிக்சர், குரூப் போட்டோ. திரும்பி வரும்போது பஸ்ஸில் தோழியிடம் நான் சொன்னது: “பாத்தியா, நான் எழுதினது சரிதான. இவ்வளவு சொன்ன பிறகு அந்தப் பாட்டிக்குக் கொசுதான் கவலை.”

விரல் விட்டு எண்ணியது

இரண்டு வாரம் கழித்து, அதே இரண்டரை மணி. அக்கா வந்தார். அட்டை எதையும் போடவில்லை. கவுண்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகப் பேசினார்.

“தங்கச்சி, அண்டைக்கு ஆச்சி கேட்டது உங்களில ஒருத்தருக்கும் விளங்கேல்லை, என்ன?”

எனக்கு விளங்கவில்லை என்பதே அப்போதுதான் விளங்கியது. “கடி எண்டால் எங்கட ஆக்களுக்கு அரிப்பு” என்றார். “வருத்தம் எண்டால் நோய்.”

அந்த வாக்கியத்தை மதுரைத் தமிழில் மாற்றிப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அங்கே அரிப்பு அதிகமாகுமா? ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். மாத்திரை போட்டால் அடங்கும், அடுத்த மாதம் மறுபடி தலைதூக்கும். திரும்பத் திரும்ப வருகிறது என்றாலே முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு கிழவி அதை அனுபவத்தில் கண்டுபிடித்து, நாற்பது பெண்கள், இரண்டு பீடிக்காரர்கள் முன்னால் மைக்கில் கேட்டிருக்கிறார். நாங்கள் கொசுவலை கட்டச் சொன்னோம். ஓராண்டாக ஒரே பெண்ணுக்கு ஒரே அட்டையை விற்ற நான், “அக்கா, சுகர் பாத்தீங்களா?” என்று ஒரு தடவை கேட்டதில்லை. அன்றைக்குக் கூடத்தில் யார் சிரித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சிரித்தது எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்.

மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். “மைக்கில கேட்டால் ஆனையிறவு வரைக்கும் கேக்குமே” என்றார். சிரிக்காமல் சொன்னார். பிறகு இடது கையை விரித்து விரல் விரலாக மடக்கினார். கேள்விகள். அவருடையவை மட்டும் இல்லை. “ஆரெண்டு கேக்காதேங்கோ” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாத்திரை அட்டையும் அப்படித்தானாம். நான் ஒருத்திக்கு என்று நினைத்து விற்றது நாலு பேருக்குப் போயிருக்கிறது. இரண்டரை மணிக்கு வெயிலில் நடந்து வர முறை போட்டுக்கொள்ள முடியாது. துணிந்தவர் ஒருவர், வாங்குகிறவரும் அவரே.

முதல் விரல்: ஆபரேசன் செய்தவர்களுக்கு இந்த நோயெல்லாம் வருமா? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேசன் செய்தவர்கள். இரண்டாவது பிள்ளையோடு முடித்துவிடுகிறோம். அதோடு ஆணுறை என்ற பேச்சும் முடிந்துபோகிறது. பிள்ளை வராது என்பதும் நோய் வராது என்பதும் வேறு வேறு என்று ஆபரேசன் தியேட்டரில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. முகாமில் மட்டுமா, எங்கள் தெருவிலும் அதே கதைதான்.

இரண்டாவது விரல்: பெண் மட்டும் மாத்திரை போட்டு, ஆண் போடாவிட்டால்? இதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. முகாம் ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்டு வேலை. கோயம்புத்தூர், கேரளா என்று போனால் ஒன்றரை மாதம், இரண்டு மாதம். ஒருத்திக்கு வெள்ளை பச்சையாக, நுரையோடு, வாடை அடிக்கிறது என்றார். அது பூஞ்சை மாதிரி இல்லை அக்கா, ட்ரைகோமோனாஸாக இருக்கலாம், பெரும்பாலும் உடலுறவில் தொற்றுவது, இரண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும், இந்த மாத்திரை அதற்குக் கேட்காது என்றேன். கணவனைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறியபோது அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “அவளுக்குத் தெரியும். நீங்கள் சொல்லித்தான் தெரியோணுமோ?”

அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ‘சுகவாழ்வு மையம்’ இருக்கிறது. மருந்து இலவசம். எந்த அறிகுறிக்கு எது என்று நிறம் பிரித்துப் பொட்டலமாகத் தருவார்கள். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். அந்தப் பச்சைப் பொட்டலத்தில் செக்னிடசோல், புளூகோனசோல் என்று இரண்டு மருந்து இருக்கும், பூஞ்சையாக இருந்தாலும் மற்றதாக இருந்தாலும் கேட்கட்டும் என்று. நான் ஓராண்டாக விற்றது அதில் பாதி. எச்.ஐ.வி. பரிசோதிக்கும் இடத்துக்குப் பெயர் ‘நம்பிக்கை மையம்’. பெயர்களில் நமக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கும். அதில் உட்கார்ந்தவர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அக்கா சொன்ன அந்தப் பச்சை வெள்ளைப்படுதல் பெண் ஒரு தடவை ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சீட்டில் ‘முகாம்’ என்ற விலாசத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த ஊழியர் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, “கேம்ப்பா? என்ன, வெள்ளைப்படுதலா?” என்று சத்தம் போட்டிருக்கிறார். வரிசையில் முகாமைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை.

பெயர் எழுதிக்கொள்வதற்கே இவர்கள் பயப்படுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முப்பது வருடமாக யாராவது வந்து பெயர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வருவாய்த் துறைக்காரர் வந்து ஆள் பார்க்கும் நாளில் ஊரில் இல்லாவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையில் சிக்கல், காவல்துறையிடம் தனியாக ஒரு பதிவு, வெளியூர் போனால் ஒரு கையெழுத்து. அதற்கு மேல் ஆஸ்பத்திரி நோட்டில் ‘பால்வினை நோய்’ என்று ஒரு பதிவு எதற்கு? அது எந்த மேசைக்கு எப்போது போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? போய்ச் சேராது என்று நான் சொன்னேன். “நீங்கள் சொல்லுவியள்” என்றார்.

பிளெக்ஸும் பேப்பரும்

மூன்றாவது விரல் அவருடைய சொந்தக் கேள்வி. வவுனியாவில் அவர் தங்கை மகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்.பி.வி. ஊசி போட்டார்களாம். ஆறாம் ஆண்டு படிக்கும்போது. இங்கே என் மகளுக்கு ஏன் போடவில்லை?

இலங்கையில் 2017 முதல் பள்ளிகளில் அந்த ஊசி அரசுத் திட்டம். இந்தியாவில் நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் 2023-ல்தான் வந்தது. கடையில் அப்போது ஒரு டோஸ் 2,000 ரூபாய், அதுவும் சொல்லி வைத்தால்தான் வந்தது. முகாமில் ஒரு பிள்ளைக்கு மாதப் பணக்கொடை 500 ரூபாய், 2021-ல் உயர்த்திய பிறகு. அதாவது நாலு மாதப் பணம் ஒரு குத்துக்கு. (2025 மார்ச் பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்போது இந்த உரையாடல் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.) குண்டுக்குப் பயந்து விட்டு வந்த ஊரில் பிள்ளைக்கு ஊசி கிடைத்தது, தப்பி வந்து சேர்ந்த இடத்தில் அப்போது கிடைக்கவில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

“மகளுக்கு இது எதுக்கான ஊசின்னு சொல்வீங்களா?” என்று நான் கேட்டேன். “சொல்ல மாட்டன். இதெல்லாம் சொன்னால் பிள்ளையளுக்கு ஆசை வந்திடும்.” டக்கென்று வந்த பதில். எல்லாம் தெரிந்த இந்த அக்காவும் இப்படியா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வாதாடிப் பார்த்தேன், அசையவில்லை. இன்றுவரை இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னார். 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் இருந்தபோதுதான் அவர் பெரிய பிள்ளை ஆனாராம். பன்னிரண்டு வயது. அம்மா வேறு படகில், இன்னும் வந்து சேரவில்லை. யாரோ ஒரு பெண் தன் கணவரின் சாரத்தைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். முட்டையும் நல்லெண்ணெயும் இல்லை, உளுத்தங்களி இல்லை, தண்ணீர் வார்க்க ஆள் இல்லை. அதனால்தான் மூத்த மகளுக்குக் கடன் வாங்கிச் சாமத்தியச் சடங்கு செய்தாராம். சடங்கு இலங்கை முறை, பிளெக்ஸ் மட்டும் மதுரை முறை.

பிளெக்ஸ் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் பூப்புனித நீராட்டு விழா பிளெக்ஸ் இல்லாத முக்கு உண்டா? பிள்ளையின் முகம் ஆறடிக்கு, தாய்மாமன்கள் கறுப்புக் கண்ணாடியோடு, மேலே தலைவர் படம், ஸ்பீக்கரில் பாட்டு. ஊருக்கே அறிவித்தாகிவிட்டது. மறுமாதம் அதே தாய்மாமன் கடைக்கு வந்து பேடு கேட்கும்போது, “பேப்பர்ல சுத்திக் குடும்மா” என்பார். பதினோரு வருடமாக எத்தனை பழைய தினசரிகளை இதற்கே கிழித்திருக்கிறேன்!

சுண்டுவிரல்

கடைசி விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். ஒருவருக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது மறுபடி படுகிறது. கொஞ்சம்தான், வலி இல்லை. இதற்கு ஏதாவது மாத்திரை இருக்கிறதா?

மற்ற விரல்களுக்கெல்லாம் நான் கடைக்காரியாகப் பதில் சொன்னேன். இதற்கு முடியவில்லை. “மாத்திரை கிடையாது அக்கா. அவங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்த வாரமே போகணும்.” நின்ற பிறகு படுகிற ரத்தம் ஒரு சொட்டாக இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், கருப்பைப் புற்றாகவும் இருக்கலாம். யார் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை.

“என்னெண்டு கூட்டிக்கொண்டு போறது? ஆஸ்பத்திரிக்கு எண்டால் ஏன் எண்டு நாலு பேர் கேப்பினம்.”

வழியைக் காட்டியது ஆச்சியின் கேள்விதான். சுகர் பார்க்கப் போவதாகச் சொன்னால் யார் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்? சர்க்கரை நோயில் மானக்கேடு இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற இடத்திலேயே பெண்களுக்குக் கருப்பைவாயும் மார்பும் பரிசோதிக்கிறார்கள். வினிகர் போன்ற திரவத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் சந்தேகமான இடம் வெளுத்துக் காட்டும், அவ்வளவுதான் பரிசோதனை. ரத்தம் படுகிறவருக்கு இது மட்டும் போதாது, ஸ்கேன், சதைப் பரிசோதனை என்று மேலே அனுப்புவார்கள். ஆனால் அந்த வாசல் வழியாகப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் ஏழு பேர் ஒரு ஷேர் ஆட்டோவில் சுகர் பார்க்கப் போனார்கள். அக்காவுக்கும் இன்னொருவருக்கும் சர்க்கரை 300-ஐத் தாண்டி இருந்தது. இரண்டு பேரை மேலே அனுப்பினார்கள். அந்த ஏழு பேரில் சுண்டுவிரல் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில மாதம் கழித்து, “அவவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இப்ப சுகம்” என்று மட்டும் அக்கா சொன்னார். முகாமிலிருந்து ஐம்பது வயதுக்காரர் யாராவது கடைக்கு வந்தால் அவர் நடக்கிற விதத்தை என்னையறியாமல் பார்க்கிறேன். இது தப்பு என்றும் தெரிகிறது.

தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குறிப்பை மாற்றி எழுதலாமா என்று கேட்டேன். ரிப்போர்ட் எப்பவோ போயிருச்சே என்றாள்.

போன மாதம் கடைக்குப் புதுப் பையன் ஒருவன் சேர்ந்தான், அலங்காநல்லூர்க்காரன், பிளஸ் டூ முடித்தவன். சாயங்காலம் ஆறு மணி, கூட்டமான நேரம். ஆச்சி வந்தார். இரண்டரை மணி எல்லாம் அவருக்குக் கிடையாது. கம்பை ஊன்றிக்கொண்டு, முன்னால் நின்ற இரண்டு ஆண்களைத் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில், “தம்பி, கடிக்கு மருந்து தா” என்றார்.

பையன் உள்ளே போய் ஒடோமாஸ் டியூபை எடுத்து வந்தான்.

ஆச்சி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “பிள்ளை,” என்றார், “இவனுக்கும் கூட்டம் போடோணும் போல கிடக்கு.”